இன்ஜினுக்குக் குலம் கிடையாது



ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் தொழில் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், சிற்பி, செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், துணி வெளுப்பவர், மீன்வலை பின்னுபவர் என்று மொத்தம் 18 தொழில்கள். படிக்கப் படிக்க ஒவ்வொரு தொழிலுக்குப் பின்னாலும் ஒரு சாதியின் பெயர் நம் காதில் விழுகிறது. பட்டியல் போட்டவர்கள் சாதியை எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு தொழிலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வேலை. அதிலும், ஒரு இன்ஜினை முழுசாக இறக்கி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி ஓடவைக்கிற வேலை. அதையும் பட்டறையில் செய்யாமல் வீட்டுத் திண்ணையில் செய்வது.

சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் ஸ்பேனருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய வேலை இருக்கிறது. "தொழில் ரத்தத்தில் வருவது" என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பெட்ரோல் இன்ஜின் இந்த மண்ணுக்கு வந்து நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு ஒரு குலம் இல்லை, ஒரு குலதெய்வம் இல்லை, எந்தச் சாதியின் தோற்றப் புராணத்திலும் பிஸ்டன் இல்லை. ஆகவே இன்ஜின் வேலையில் யார் கற்றுக்கொள்கிறார்கள், யாருக்குக் கற்றுத்தரப்படுவதில்லை என்று பார்த்தால் சாதியின் உண்மை முகம் வேறு எங்கேயும் விட இங்கே பச்சையாகத் தெரியும். "பரம்பரை" என்கிற போர்வை இங்கே கிடையாது.

ஒரு திண்ணை, ஒரு ஸ்பிளெண்டர்

நான் வேலை செய்யும் விழுப்புரம் மாவட்டத்துக் காலனி ஒன்றில் ஒரு தம்பி இருக்கிறார். வயது 24. பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கி, பிறகு அவர் கைக்கு வந்த ஸ்பிளெண்டர்தான் அந்த வீட்டின் ஒரே வண்டி. வேலைக்குப் போவதும் அதில்தான், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் அதில்தான்.

போன வருடம் அந்த வண்டி சைலன்சரில் நீலப் புகை கக்கத் தொடங்கியது. ஆயில் ஊற்றினால் பதினைந்து நாளில் பாதி காணவில்லை. ஏற்றத்தில் இழுக்கவில்லை. இன்ஜினுக்குள் 'டொக் டொக்' என்று சத்தம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரும் தேய்ந்து, கீழே இருக்க வேண்டிய ஆயில் மேலே ஏறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. டொக் டொக் என்றால் பெரும்பாலும் கன்ராடு ஆட்டம் கண்டிருக்கிறது.

மெயின் ரோட்டுப் பட்டறையில் கேட்டபோது, "ஃபுல் இன்ஜின் வேலை, 12,000 எடுத்துக்கிட்டு வா" என்றார்கள். ஐப்பசி மழையில் பெயிண்ட் வேலை இல்லாத நேரம். கையில் அதில் பாதிதான் இருந்தது. தம்பி வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். திண்ணையில் சாக்கு விரித்தார். நானே இன்ஜினை இறக்கப்போகிறேன் என்றார்.

அவருடைய அம்மா என்னிடம், "ஏம்மா, நீயாவது சொல்லு, உள்ள வண்டியும் பூடும்போல இருக்குது" என்று புலம்பினார். தம்பி சிரித்துக்கொண்டே, "அக்கா, கழட்டறதுக்குப் பயப்படக் கூடாது, எந்த எடத்துல இருந்து கழட்டுனோம்னு மறக்கறதுக்குத்தான் பயப்படணும்" என்றார்.

மறக்காமல் இருப்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கையை உட்காரவைத்தார். கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்தார். பழைய அட்டைப்பெட்டியின் மேல் இன்ஜினின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த போல்ட் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்திவைக்கச் சொன்னார். எல்லா போல்ட்டும் ஒரே நீளம் இல்லை. இடம் மாற்றிப் போட்டால் இழை போய்விடும். எத்தனையாவதாக எதைக் கழற்றினார்கள் என்று தங்கை நோட்டில் வரிசையாக எழுதினாள். பூட்டும்போது அந்த நோட்டைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆயிலை வடித்து, சைலன்சர், கார்புரேட்டர், செயின், வயர்களை எல்லாம் விலக்கி, இன்ஜினை ஃப்ரேமிலிருந்து இறக்கினார்கள். பிறகு ஹெட், பிளாக், பிஸ்டன். பிஸ்டனைப் பிடித்திருக்கும் பின்னுக்கு இரண்டு பக்கமும் சர்க்லிப் என்று மெல்லிய கம்பி வளையம் இருக்கும். கழற்றும்போது அது தெறித்து கிராங்க்கேசுக்குள் விழுந்துவிட்டால் தொல்லை. அதற்காக வாய்ப்பகுதியில் பனியன் வேஸ்ட்டைத் திணித்துவிட்டுத்தான் கையே வைத்தார். இது எந்த ஐ.டி.ஐ.யிலும் அவர் படித்ததில்லை.

ஒரு பக்கம் மேக்னட், மறுபக்கம் கிளட்ச். இந்த இரண்டுக்கும்தான் தனிக் கருவி வேண்டும். மேக்னட்டைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினால் கிராங்க் தண்டே வளையலாம். புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். புல்லர் அவரிடம் இல்லை. லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் அடையாள அட்டையை வைத்து, "சாயங்காலத்துக்குள்ள திருப்பித் தந்துடணும்" என்கிற பேச்சில் வாங்கிவந்தார். அன்றைக்கு மழை. மாலைக்குள் முடிக்க வேண்டும் என்கிற அவசரத்தில், சாப்பிடாமல்கூட மேக்னட்டையும் கிளட்சையும் கழற்றி முடித்தார். இந்தப் புல்லரை நினைவில் வையுங்கள். கடைசியில் இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சிலிண்டரையும் கிராங்க்கையும் லேத்துக்கு எடுத்துப் போனார். இது வீட்டில் செய்ய முடியாத வேலை. ஸ்பிளெண்டரின் சிலிண்டர் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். தேய்ந்து நீள்வட்டமாகிப் போனதைக் கால் மில்லிமீட்டர் கூடுதலாகக் கடைந்து மறுபடி சரியான வட்டமாக்கி, அதற்கேற்ற 0.25 ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதிகம் விட்டால் மறுபடி புகை. குறைவாக விட்டால் சூடேறி இறுகி இன்ஜின் நின்றுபோகும். கன்ராடை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்றி, கிராங்க்கின் இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்துக் கொடுத்தார் லேத்காரர்.

வீட்டில் பூட்டும்போது ரிங்குகளின் எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி போட்டார். ரிங்குகளின் வாய் ஒன்றின் மேல் ஒன்று வராமல் சுற்றிலும் பிரித்து வைத்தார். கடைசியாக டைமிங். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். மேக்னட்டில் 'டி' குறியும் கேம் பல்சக்கரத்தின் குறியும் அதனதன் கோட்டில் நிற்கும்போது செயினை மாட்ட வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் வண்டி ஒழுங்காக ஓடாது. ரொம்பத் தள்ளிப் போனால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அந்தக் குறிகள் நேராக இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்து, "இல்லண்ணா, ஒரு பல்லு தள்ளியிருக்கு" என்று சொன்னது தங்கை.

எட்டாவது நாள் கிக்கர் அடித்தார்கள். ஸ்டார்ட் ஆனது. பிஸ்டன் கிட், கன்ராடு, பேரிங், கேம் செயின், பேக்கிங் செட், லேத் கூலி, ஆயில் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. முதல் 500 கிலோமீட்டர் முறுக்காமல் மெதுவாக ஓட்டினார். இன்றைக்கும் ஓடுகிறது.

நான்கு வருடம் கழுவியவன்

இது ஒரு தன்னம்பிக்கைக் கதை என்று நினைத்து யாரும் ஸ்டேட்டஸ் வைக்கக் கிளம்ப வேண்டாம். எனக்கு இதில் பெருமையைவிடக் கோபம்தான் அதிகம். ஏன் அவர் திண்ணையில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது?

அந்தத் தம்பி பதினாறு வயதில் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு வருடம் இருந்தார். நான்கு வருடமும் பார்ட்ஸ் கழுவினார், டீ வாங்கிவந்தார், வண்டி துடைத்தார், பஞ்சர் பார்த்தார். ஹெட்டைத் திறக்கும் நேரத்தில் அவரை ஸ்பேர் வாங்க டவுனுக்கு அனுப்புவார்கள். அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த, முதலாளியின் சொந்தக்காரப் பையன் ஒன்றரை வருடத்தில் டைமிங் வைக்கக் கற்றுக்கொண்டான். "அவனுக்குக் கை வாகு இருக்குது, உனக்குக் கழுவுற வேலதான் சுத்தமா வருது" என்று முதலாளி சொன்னாராம்.

கழுவுற வேலை சுத்தமாக வருகிறது! இந்த வாக்கியத்தில் யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் நம்மில் யாருக்கு இது புரியாது?

தொழில்நுட்பம் நவீனமானது, ஆகவே அதற்குள் சாதி வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. சமூகவியல் வகுப்பில் எனக்கும் அப்படித்தான் கற்றுத்தந்தார்கள்: தொழில்மயம் வந்தால் சாதி தளரும் என்று. தொழிலின் பெயர் மாறும், உண்மைதான். ஆனால் தொழிலைக் கற்றுத்தரும் முறை மாறவில்லை. பட்டறையில் பாடப்புத்தகம் கிடையாது, தேர்வு கிடையாது. குருநாதர் மனது வைத்தால்தான் வித்தை. அவர் யாருக்கு மனது வைப்பார்? தன் வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூடிய பையனுக்கு, நாளைக்குத் தன் பெண்ணைக் கொடுக்கக்கூடிய சொந்தத்துக்கு. எழுதப்படாத அறிவு எப்போதும் உறவின் வழியாகத்தான் ஓடும். உறவு சாதிக்குள் இருக்கும்வரை அந்த அறிவும் சாதிக்குள்தான் இருக்கும். குலத்தொழில் இல்லாத தொழிலையும் குலத்தொழில் ஆக்குவது இப்படித்தான்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையும் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிவிட்டார். ஒரே பட்டறைக்குள், ஒரே இன்ஜினுக்கு முன்னால், கழுவுகிறவன் என்றும் பூட்டுகிறவன் என்றும் இரண்டு பேரை நிறுத்துவது அந்த அடுக்கின் சின்ன மாதிரிதான்.

தம்பி கடைசியில் யாரிடம் கற்றுக்கொண்டார்? பாதி கழுவும்போது கண்ணால் திருடியது. மீதி யூடியூப். வீடியோ போடுகிறவர் பார்க்கிறவனின் தெரு எது என்று கேட்பதில்லை. ஆனால் வீடியோவால் புல்லர் தர முடியாது. அறிவின் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைக்கிற நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

அரை நாள் பள்ளியிலிருந்து இன்றுவரை

1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தை நாம் குலக்கல்வித் திட்டம் என்று சரியாகவே பெயர் வைத்து எதிர்த்தோம். பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். பெரியாரும் திராவிட இயக்கமும் தெருவில் இறங்கிப் போராடி, ராஜாஜி பதவி விலகி, 1954-ல் காமராசர் அதைக் கைவிட்டார். விஸ்வகர்மா திட்டத்தையும் இப்போதுள்ள வடிவில் ஏற்க மாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு சொன்னது. அதற்கு மாற்றாக அறிவித்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயதை 35 என்று வைத்து, படிக்கிற வயதுப் பிள்ளைகளைக் குலத்தொழிலுக்கு இழுக்கக் கூடாது என்றது. நல்லது, வரவேற்கிறேன்.

ஆனால் குலத்தொழில் வேண்டாம் என்று சொல்வது பாதி வேலை. குலமில்லாத தொழிலை யார் கற்றுத்தருவது என்பது மீதி வேலை. அந்த மீதியை நாம் பட்டறை முதலாளியின் நல்ல மனதிடம் விட்டுவைத்திருக்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கைவேலை என்றால் தாழ்வு, மூளைவேலை என்றால் உயர்வு என்பதும் நம் ஊர்ச் சரக்குதான். அஜந்தா சுப்பிரமணியன் 2019-ல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' என்கிற நூல், சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து இதை ஆராய்கிறது. உலோகத்தோடும் மரத்தோடும் வேலை செய்துவந்த கைவினைஞர்கள் கீழ்நிலைத் தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கப்பட, அதுவரை கருவியையே தொடாத சாதிகள் 'பொறியாளர்' என்கிற பட்டத்துக்குள் எப்படி நுழைந்தன, அதைத் தகுதி என்று எப்படிப் பெயர் மாற்றிக்கொண்டன என்று அந்த நூல் காட்டுகிறது. கருவியைத் தொடாமலேயே பொறியியல் உயர்ந்துவிட்டது. தொட்டவர்கள் தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

நான் சொன்ன திண்ணைக் காட்சியை மறுபடி யோசியுங்கள். அளவெடுப்பது, வரிசை காப்பது, ஒரு சத்தத்தைக் கேட்டுக் காரணத்தை ஊகிப்பது, அந்த ஊகத்தைத் திறந்து பார்த்துச் சோதிப்பது, பதிவு செய்வது, தங்கை சொன்ன திருத்தத்தைக் கேட்டு மாற்றுவது. இதற்குப் பெயர் அறிவியல் இல்லை என்றால் வேறு எதற்குப் பெயர் அறிவியல்?

எந்த அழுக்கு கழுவினால் போகும்?

கிரீஸ் படிந்த கையோடு ஒரு மெக்கானிக் டீக்கடையில் கண்ணாடி டம்ளரை வாங்கிக் குடிக்கலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. சபீனா போட்டுத் தேய்த்தால் போய்விடும் அழுக்கு அது. ஆனால் சாக்கடை அள்ளும் தோழர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தாலும் அந்த 'அழுக்கு' அவர் மேல் இருப்பதாகவே ஊர் பார்க்கிறது. அழுக்கு பொருளில் இல்லை, பார்வையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒன்று வேலையின் அழுக்கு. இன்னொன்றைப் பிறப்பின் அழுக்கு என்று நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

மலம் அள்ளும் தொழிலுக்கு மனிதரை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தது. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. இழப்பீடு ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. அந்தச் சட்டத்திலேயே மறுவாழ்வு, மாற்றுத் தொழில், பயிற்சி என்றெல்லாம் எழுதியிருக்கிறது. மாற்றுத் தொழில் என்றால் என்ன? கையில் ஒரு வித்தை, அந்த வித்தைக்கு ஒரு கருவி, கருவியை வைக்க ஓர் இடம். இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுக்காமல் ஒரு நாள் முகாம் நடத்தி, சான்றிதழோடு குரூப் போட்டோ எடுத்து அனுப்புவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

அவர்கள் செய்தால் ரசனை

நகரங்களில் இப்போது பழைய வண்டிகளுக்குப் புது மவுசு. 1996-ல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ்.100-ஐயும் பழைய ஜாவாவையும் தேடிப் பிடித்து, லட்சக்கணக்கில் செலவழித்து, பட்டப்படிப்பு படித்த இளைஞர்கள் தங்கள் வீட்டு கராஜில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். அதற்கு 'ரெஸ்டோரேஷன்' என்று பெயர். பத்திரிகையில் பேட்டி வருகிறது. அந்தக் கிரீஸ் கை ஒரு நல்ல புகைப்படம். அதில் தவறில்லை, கையால் வேலை செய்ய ஆசைப்படுவது நல்ல ஆசைதான்.

அதே வேலையைக் காலனித் திண்ணையில் ஒருவர் செய்தால் என்ன நடக்கிறது? ரோந்து வந்த காவலர் ஒருவர் அந்தத் தம்பியின் வீட்டு முன் நின்று, "யார் வண்டிடா இது? இன்ஜின் நம்பர் காட்டு" என்றார். அதை முன்பே எதிர்பார்த்ததுபோல், தம்பி வாங்கிய ஒவ்வொரு பொருளின் ரசீதையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். காட்டினார். போனார்கள். தன் வீட்டுத் திண்ணையில், தன் அப்பா வாங்கிய வண்டியைச் சரிபார்ப்பதற்கு ரசீதோடு உட்கார வேண்டியிருக்கிறது. கராஜில் உட்கார்ந்திருப்பவரிடம் யாராவது ரசீது கேட்டிருப்பார்களா?

வண்டியை ஓட்டுவது அதைவிட ஆபத்து. ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு சேர்த்து இருசக்கர வண்டிகளையும் கொளுத்தினார்கள். ஜீன்ஸ் போடுகிறான், கூலிங் கிளாஸ் போடுகிறான் என்று மேடையில் பேசினார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டினார் என்பதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டியதாகப் புகார் பதிவாகி, மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள்.

கைகளை. வண்டியைக் கூட அல்ல. ஹேண்டில்பாரைப் பிடித்த கைகளை. ஒரு மோட்டார் சைக்கிள் நமக்கு என்னவாக இருக்கிறது என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கூலியைப் பேசி வாங்க அடுத்த ஊருக்குப் போக முடிகிறது. ஆண்டை வீட்டு வேலை பிடிக்கவில்லை என்றால் இருபது கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போக முடிகிறது. கல்லூரிக்கு, கோர்ட்டுக்கு, காவல் நிலையத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு யார் தயவும் இல்லாமல் போக முடிகிறது. ஆகவே நின்றுபோன ஒரு ஸ்பிளெண்டரைத் திண்ணையில் ஓடவைப்பது பொழுதுபோக்கு கிடையாது. அது ஒரு குடும்பத்தின் நடமாட்டத்தை மீட்பது.

நாம் கேட்க வேண்டியது

இப்போது அந்தப் புல்லருக்கு வருகிறேன். தம்பியிடம் அறிவு இருந்தது, பொறுமை இருந்தது, உதவிக்குத் தங்கை இருந்தாள். இல்லாதது சில நூறு ரூபாய்க் கருவி. அதைவிடப் பெரியவை லேத், பிரஸ், டயல் கேஜ். கருவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் தொழில் இருக்கிறது. நிலம் யாரிடமோ அவரிடமே ஊர் இருந்ததுபோல. நிலமற்ற கூலி என்று நம்மைச் சொன்னார்கள். அடுத்த தலைமுறை கருவியற்ற கூலி ஆகிவிடக் கூடாது.

அரசிடம் திட்டங்கள் இல்லாமல் இல்லை. தாட்கோ மூலம் முதலமைச்சரின் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் இருக்கிறது. ஆனால் அது கடை போடத் தயாராக இருப்பவருக்கான திட்டம். வங்கி ஒப்புதல், விலைப்புள்ளி, இடத்துக்கான வாடகை ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். மெயின் ரோட்டில் நமக்கு யார் கடை வாடகைக்கு விடுகிறார்கள்? நான்கு வருடம் கழுவியவனிடம் அனுபவச் சான்று கேட்டால் அவன் யாரிடம் போய் வாங்குவான்? கழுவவைத்த அதே முதலாளியிடமா?

நான் கேட்பது நான்கு.

ஒன்று, ஒவ்வொரு ஊராட்சியிலும் காலனிச் சமுதாயக் கூடத்தை ஒட்டி ஒரு பொதுக் கருவி அறை. புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறதல்லவா, அதேபோல. ஸ்பேனர் செட், புல்லர், டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ் எல்லாம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகலாம். ஒன்றியத்துக்கு ஒரு லேத்தும் பிரஸ்ஸும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024-ல் நிறைவேற்றியிருக்கிறது. அந்த நிதி எதற்குப் போகிறது என்று கேட்கும் கிராமசபையில் இதையும் கேளுங்கள்.

இரண்டு, பட்டறையில் கற்றதற்கும் திண்ணையில் கற்றதற்கும் சான்று. முன்பே கற்ற திறனை அங்கீகரிக்கும் ஏற்பாடு ஒன்றியத் திறன் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது நகரத்து மையங்களில் முடங்காமல் காலனிக்கு வரட்டும். ஒரு இன்ஜினை முன்னால் வையுங்கள், பிரிக்கச் சொல்லுங்கள், பூட்டச் சொல்லுங்கள். ஓடினால் சான்று கொடுங்கள். முதலாளியின் கையெழுத்து எதற்கு?

மூன்று, பெண் பிள்ளைகள். ஒரு பல் தள்ளியிருக்கிறது என்று கண்டுபிடித்த அந்தத் தங்கையிடம் மேலே என்ன படிக்கப்போகிறாய் என்று ஊரில் கேட்கிறவர்கள் எல்லாம் நர்சிங்கா, டீச்சர் டிரெயினிங்கா என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் நல்ல வேலைகள். ஆனால் மூன்றாவதாக ஒன்றையும் கேளுங்கள். நம் வீட்டு ஆண்களும் கேளுங்கள். ஸ்பேனர் ஆண்பிள்ளைச் சாமான் என்று நாமே ஒரு தீண்டாமையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சாதியை எதிர்ப்பது ஒட்டாது.

நான்கு, இது நமக்கு நாமே செய்யக்கூடியது. காலனிகளில் நம் இளைஞர் மன்றங்கள் இருக்கின்றன. ஏப்ரல் 14-க்குப் பேனர் கட்டுகிறோம், மைக் செட் வைக்கிறோம். கட்டுங்கள், அது நம் பெருமிதம். அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து ஒரு கருவிப் பெட்டி வாங்குங்கள். இன்ஜின் இறக்கத் தெரிந்த ஒருவர், தெரியாத நான்கு பேரைப் பக்கத்தில் உட்காரவைக்கட்டும். ஹெட்டைத் திறக்கும்போது யாரையும் ஸ்பேர் வாங்க அனுப்பாதீர்கள். நம்மிடம் அறிவை மறைத்தார்கள் என்பதற்காக நாமும் மறைத்துவைத்தால், அந்தப் பட்டறை முதலாளிக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

இதைச் சொல்லும்போது ஒரு எதிர்ப்பு வரும் என்று தெரியும். "நம் பிள்ளைகள் கலெக்டர் ஆக வேண்டாமா, மறுபடியும் கைவேலைக்கா தள்ளுகிறீர்கள்?" என்று தோழர்களே கேட்பார்கள். நியாயமான பயம். நம் கைகளை எப்போதும் யாருக்காகவோ உழைக்கவைத்த வரலாற்றிலிருந்து வருகிற பயம். பல்கலைக்கழகத்தில் ஓர் இடத்தைக்கூட நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கலெக்டர் ஆகட்டும், பேராசிரியர் ஆகட்டும், பொறியாளர் ஆகட்டும். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு காலையில் கிளம்புகிற லட்சம் தம்பிகளுக்கும் ஒரு வழி வேண்டும் என்கிறேன். கைவேலை இழிவு இல்லை. எந்தக் கைக்கு எந்த வேலை என்று இன்னொருவன் தீர்மானிப்பதுதான் இழிவு. எதைப் பிரிப்பது, எதைப் பூட்டுவது என்று நம் கை தீர்மானிக்கும் நாளில் அந்த இழிவு முடிகிறது.

அந்தத் தம்பியின் நோட்டை அடுத்த தெருவில் மூன்று பேர் வாங்கிப் பிரதி எடுத்திருக்கிறார்கள். இன்னொரு ஸ்பிளெண்டர், ஒரு பழைய எக்ஸ்.எல். புல்லர் இன்னும் இரவல்தான். அடுத்த கிராமசபைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரிலும் எழுதுங்கள்.

ஜெய் பீம்!